முகப்பூச்சும் மண்ணின் வண்ணங்களும்

திருவிழா நாளில் நம் வீட்டுப் பெண்கள் கண்ணுக்கு மை தீட்டுகிறார்கள். முகத்திற்குப் பவுடர் பூசுகிறார்கள். நெற்றியில் குங்குமம் இடுகிறார்கள். கறுப்பு, வெள்ளை, சிவப்பு. இந்த மூன்று வண்ணங்களையும் மனிதன் வெகு காலமாகவே மண்ணிலும் கல்லிலும் தேடி எடுத்திருக்கிறான். அவற்றுள் சில அழகை மட்டும் தந்தன. சில அழகோடு நஞ்சையும் தந்தன. அந்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

முதலில் கறுப்பு. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன்பே எகிப்து நாட்டில் ஆண்களும் பெண்களும் கண்ணுக்கு மை தீட்டினர். காரீயமும் கந்தகமும் சேர்ந்த ஒரு கருங்கனிமத்தைக் கற்பலகையில் அரைத்து, அதைக் கொண்டு மை செய்தனர். நம் பாட்டிமார்களோ விளக்குப் புகையில் படிந்த கரியை எண்ணெயில் குழைத்தார்கள். இரண்டும் கறுப்புதான். ஒன்றில் இருப்பது காரீயம். மற்றொன்றில் இருப்பது கரி.

காரீயம் என்றதும் ஈப்போ பக்கத்து ஈயச் சுரங்கங்கள் உங்கள் நினைவுக்கு வரலாம். அங்கே தோண்டியது வெள்ளீயம். நாம் பேசும் காரீயம் வேறு உலோகம்; உடலுக்குள் புகுந்தால் நரம்பையும் மூளையையும் கெடுப்பது.

அடுத்தது வெள்ளை. காரீயத் துண்டுகளைக் காடியின் ஆவி படும்படி மூடிவைத்தால், அவற்றின்மேல் வெண்மையான படிவம் உண்டாகும். கிரேக்க அறிஞர் தியோஃபிராஸ்டஸ் சுமார் 2,300 ஆண்டுகளுக்கு முன்பே இதை எழுதிவைத்திருக்கிறார். இந்த ஈய வெள்ளையைத்தான் ஐரோப்பியச் சீமாட்டிகளும் ஜப்பானிய நடிகர்களும் முகத்தில் பூசினார்கள். 1887இல் ஜப்பானியப் பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம் ஒன்று நடந்தது. அதில் நடித்த நான்காம் நக்கமுரா ஃபுகுசுகேயின் கால் மேடையிலேயே நடுங்கத் தொடங்கியது. ஆண்டுக்கணக்கில் பூசிய வெள்ளையே காரணம் என்று தெரிந்தபோது நாடே திடுக்கிட்டது. காரீயம் கலவாத பவுடரைத் தேடும் முயற்சி அதன் பிறகு வலுப்பெற்றது.

இன்று வெண்மைக்குப் பயன்படுவது டைட்டேனியம் என்னும் உலோகத்தின் ஆக்சைடு. அந்த உலோகத்தைத் தரும் இல்மனைட் என்ற கருமணல், நம் நாட்டு வெள்ளீயச் சுரங்கங்களில் கழித்துப் போட்ட மணலிலும் கிடைக்கிறது!

மூன்றாவது சிவப்பு. தோட்டத்துச் செம்மண் ஏன் சிவந்திருக்கிறது? அதிலுள்ள இரும்பு துருப்பிடித்திருப்பதால்தான். காவிக்கல்லின் நிறமும் அதுவே. உதட்டுச் சாயத்திலும் முகப் பவுடரிலும் இரும்பு ஆக்சைடுகள் இன்று பரவலாகச் சேர்க்கப்படுகின்றன. ஆலையில் தூய்மையாகச் செய்யப்படுபவை அவை. ஆனால் பளிச்சென்று சிவக்கும் சாதிலிங்கத்தில் இருப்பது பாதரசம். ஈயச் செந்தூரத்தில் இருப்பது காரீயம்.

மஞ்சளையும் சுண்ணாம்பையும் சேர்த்துச் செய்த குங்குமத்தில் இந்த நஞ்சுகளுக்கு வேலையில்லை. கடையில் விற்கும் செந்நிறப் பொடிகள் எல்லாமே அப்படிச் செய்யப்பட்டவை அல்ல. வகிட்டில் இடும் சிந்தூரத்தில் 118 மாதிரிகளை அமெரிக்காவிலும் இந்தியாவிலும் வாங்கிச் சோதித்த ஆய்வு ஒன்று 2017இல் வெளிவந்தது. ஐந்தில் நான்கு பங்கு மாதிரிகளில் காரீயம் இருந்தது.

பெரியவர்கள் நெற்றியில் இட்டதோடு நின்றுவிடுகிறார்கள். இடுப்பில் இருக்கும் குழந்தையோ தாயின் நெற்றியைத் தடவுகிறது; அதே விரலை வாயில் வைக்கிறது. வளரும் மூளைக்குக் காரீயத்தில் சிறிதளவும் ஆகாது.

ஆகவே தாய்மார்களே, குங்குமத்தை விட்டுவிட வேண்டாம். எதனால் செய்தது என்று கேட்டு வாங்குங்கள். பெயரும் விவரமும் இல்லாத பொட்டலத்தைத் தவிர்த்துவிடுங்கள். பொட்டு இட்ட கையைக் கழுவிய பிறகே பிள்ளைக்குச் சோறு ஊட்டுங்கள். நிறத்தைப் பார்த்து நஞ்சைக் கண்டறிய நம் கண்ணால் முடியாது.