ஒற்றை அவை பிறந்த கதை

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் 1935 வரை, ஒரு மசோதா யார் கையால் செத்தது என்று வாக்காளருக்குத் தெரியாது. கீழவை ஒரு வடிவத்தில் நிறைவேற்றும். மேலவை அதில் நாலு திருத்தம் போட்டு வேறு வடிவத்தில் நிறைவேற்றும். இரண்டையும் ஒன்றாக்க இரு தரப்பிலிருந்தும் சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார்கள். சமரசக் குழு என்று அதற்குப் பெயர். உள்ளே யார் எதை விட்டுக்கொடுத்தார் என்பது வெளியே வராது. வெளியே வரும் வரைவை அவைகள் அப்படியே ஏற்கலாம், அல்லது தள்ளலாம். ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. ஊர் திரும்பும் உறுப்பினரோ, ‘நான் ஆதரித்தேன், அந்த அவைதான் கெடுத்துவிட்டது’ என்று சொல்லித் தப்பிக்கலாம்.

ஜார்ஜ் நாரிஸுக்கு இது பொறுக்கவில்லை. மெக்குக் என்ற சிற்றூரைச் சேர்ந்தவர். நெப்ராஸ்காவின் சார்பில் வாஷிங்டனில் செனட்டராக இருந்தவர். டென்னசி பள்ளத்தாக்கில் அரசே அணை கட்டி மின்சாரம் தர வழிசெய்த 1933ஆம் ஆண்டுச் சட்டத்துக்காகப் பல ஆண்டுகள் போராடியவர். பிரபுக்களுக்கு ஓர் அவை, குடிமக்களுக்கு ஓர் அவை என்பது பிரிட்டனின் ஏற்பாடு; எல்லாரும் ஒரே தரத்துக் குடிமக்களாக இருக்கும் மாநிலத்தில் ஒரே வேலையை ஏன் இரண்டு முறை செய்ய வேண்டும் என்று அவர் கேட்டார்.

ஒரே அவை போதும் என்ற யோசனை புதிதல்ல. சட்டமன்றக் குழு ஒன்றே 1915இல் அதைப் பரிந்துரைத்திருந்தது. காரியம் நடக்கவில்லை. 1934இல், 73 வயதில், நாரிஸ் அதற்கு ஆதரவு கேட்டு, காரை எடுத்துக்கொண்டு மாநிலம் முழுக்கச் சுற்றினார். இரண்டு செட் டயர் தேய்ந்துபோனதாகச் சொல்வார்கள். பெரும்பாலான பத்திரிகைகள் எதிர்த்தன. ஆனால் அது பெருமந்தக் காலம். உறுப்பினர்களைக் குறைத்தால் செலவு குறையும் என்ற பேச்சு, விலை விழுந்து நொந்திருந்த விவசாயிகளிடம் எடுபட்டது. நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் ஆதரவாக 2,86,086 வாக்குகளும் எதிராக 1,93,152 வாக்குகளும் விழுந்தன.

தலைநகர் லிங்கனில் பத்தாண்டு உழைப்பில் கேபிடல் என்ற புதிய சட்டமன்றக் கட்டடம் 1932இல்தான் முடிந்திருந்தது. இரு அவைகளுக்கும் தனித்தனி மண்டபம். அவற்றில் ஒன்றுக்குச் சில ஆண்டுகளிலேயே வேலை இல்லாமல் போயிற்று!

1937 ஜனவரி 5 அன்று புதிய அவை கூடியது. 133 பேர் இருந்த இடத்தில் 43 பேர். கட்சிச் சின்னம் இல்லாத தேர்தலில் வென்றவர்கள். இரண்டு அவைகள் இருந்த கடைசிக் கூட்டத்தொடர் 110 நாள் நடந்து 192 மசோதாக்களை நிறைவேற்றியது. செலவு 2,02,593 டாலர். ஒற்றை அவை 98 நாளில் 214 மசோதாக்களை முடித்தது. செலவு 1,03,445 டாலர்.

பலரும் இந்தக் கணக்கோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு அது பெரிதாகப் படவில்லை. மேலவை போனபின் தவறைத் தட்டிக்கேட்க யார் என்ற கேள்வி எழுந்தது. அந்த இடத்தில் மக்களை உட்கார வைத்தார்களே, அதுதான் பெரிய காரியம்.

இன்று ஒவ்வொரு ஜனவரியிலும் கூட்டத்தொடர் தொடங்கியதும் முதல் 10 அமர்வு நாளுக்குள் உறுப்பினர்கள் மசோதாக்களைத் தாக்கல் செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் எண் பெற்று, உரிய குழுவுக்குப் போகிறது. அங்கே கருத்துக் கேட்புக் கூட்டம் நடந்தாக வேண்டும். குழுத் தலைவருக்குப் பிடிக்காத மசோதா என்றாலும் விலக்கு இல்லை. நாளும் இடமும் முன்கூட்டியே அறிவிக்கப்படும். மசோதாவைக் கொண்டுவந்தவர் முதலில் விளக்குவார். பிறகு ஆதரவாளர், எதிர்ப்பாளர், நடுநிலையாளர் என்று வரிசையாக வருவார்கள். மேற்குக் கோடியிலிருந்து 600 கிலோமீட்டருக்கு மேல் பனிச்சாலையில் வண்டி ஓட்டிவந்த மாட்டுப் பண்ணைக்காரரும் பெரிய கம்பெனியின் வக்கீலும் உட்காருவது ஒரே நாற்காலியில்தான். பெயரைச் சொல்லி, எழுத்துக்கூட்டி, பதிவு செய்ய வேண்டும். மேசையில் பச்சை விளக்கு எரியும்போது பேச்சைத் தொடங்கலாம். மஞ்சள் வந்தால் முடிக்க வேண்டும். சிவப்பு வந்தால் நிறுத்த வேண்டும். கிடைப்பது சில நிமிடம். ஆனாலும் அந்தச் சில நிமிடம் மாநிலத்தின் ஆவணத்தில் ஏறிவிடுகிறது. அதன் மதிப்பு எனக்குப் பெரிது.

மசோதாக்கள் அங்கும் குழுவிலேயே மடிகின்றன; நிறையவே மடிகின்றன. ஆனால் இன்ன குழுவில் என்று சொல்ல முடிகிறது; அங்கே வாக்கெடுப்பு நடந்திருந்தால், இன்னாருடைய வாக்கால் என்றும்.

இவ்வளவு நல்ல ஏற்பாட்டை மற்ற 49 மாநிலங்களும் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை? மினசோட்டாவின் முன்னாள் ஆளுநர் ஜெஸ்ஸி வென்ச்சுரா பதவியில் இருந்தபோது முயன்று பார்த்தார். அவரது திட்டம் சட்டமன்றத்தைத் தாண்டவில்லை. அங்கே அரசமைப்புத் திருத்தம் சட்டமன்றத்தில்தான் தொடங்க முடியும். தங்கள் நாற்காலிகளைத் தாங்களே குறைத்துக்கொள்ள உறுப்பினர்கள் வாக்களிக்க வேண்டும். நெப்ராஸ்காவிலோ, மக்களே கையெழுத்துத் திரட்டித் திருத்தத்தை நேரடியாக வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை 1912இலேயே கிடைத்திருந்தது. நாரிஸின் ஆட்கள் சட்டமன்றத்தின் வாசலில் போய் நிற்கவில்லை. மனுத்தாளோடு தெருவில் இறங்கினார்கள்.