கழற்றிப் பூட்டிய வண்டிகள்

திருகோணமலை நகரிலிருந்து சீனன்குடாப் பக்கம் போகிறவர்களுக்குப் பற்றைக்காட்டுக்கு நடுவே எண்ணெய்க் குதங்கள் தெரியும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னர் பிரிட்டிஷ் கடற்படை தன் கப்பல்களுக்காகக் கட்டியவை. 99 குதங்கள் இன்றும் நிற்கின்றன. 2022 ஜனவரியில் இலங்கையும் இந்தியாவும் அவற்றுக்கு ஓர் ஒழுங்கு செய்துகொண்டன: 14 லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. ஆறு மாதம் ஆவதற்குள் நாட்டில் எண்ணெய் தீர்ந்தது. ஜூன் மாத இறுதியில், அத்தியாவசிய சேவைகள் தவிர வேறு யாருக்கும் இரண்டு வாரத்துக்கு எரிபொருள் இல்லை என்று அரசு அறிவித்தது. துறைமுகத்துக்கும் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவேண்டியவர்கள் சைக்கிளைத் தேடினார்கள்.

புதுச் சைக்கிளின் விலை எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. டொலர் இல்லாததால் இறக்குமதியும் முடங்கிக் கிடந்தது. ஆகவே கொல்லையிலும் கோழிக்கூட்டுக்குப் பின்னாலும் சாய்த்துவைத்த பழைய வண்டிகள் வெளியே வந்தன. ஒரு வண்டியில் சில்லு இல்லை, இன்னொன்றில் செயின் இறுகிப்போயிருந்தது, வேறொன்றில் வெறும் பிறேம் மட்டும். சைக்கிள் கடைக்காரர்களுக்கு இது புது வேலை அல்ல. மூன்று செத்த வண்டியிலிருந்து ஓடுகிற ஒன்றை எடுப்பது இந்த மாவட்டத்தில் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. வடக்கிலும் கிழக்கிலும் அதற்குப் பெயர் 'கழட்டிப் பூட்டுறது'.

அந்தச் சொல்லுக்குள் ஒரு முழு நாள் வேலை இருக்கிறது. முதலில் சில்லு இரண்டும் இறங்கும். பிறகு கிறாங்கைப் பிடித்திருக்கும் கொட்டர் பின்னைத் தட்டி எடுக்க வேண்டும். கடற்காற்று தின்ற வண்டியில் அது லேசில் வராது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊறவைத்து, தாங்குகோல் கொடுத்து, ஓங்கி ஒரே அடியாக அடிக்க வேண்டும். பயந்து பயந்து தட்டினால் பின்னின் தலை நசுங்கி, கடைசியில் துளைபோட்டுத்தான் எடுக்க நேரும். ஹப்பைத் திறந்தால் உள்ளே போல்ஸ்: முன் ஹப்புக்கு 3/16 அங்குலம், பின் ஹப்புக்குக் கால் அங்குலம். கறுத்துப்போன கிறீஸை வழித்துவிட்டு ஒவ்வொரு போல்ஸையும் வெளிச்சத்தில் உருட்டிப் பார்ப்பார்கள். ஒன்றில் புள்ளி விழுந்திருந்தாலும் முழுச் செட்டையும் மாற்றுவதே முறை. அந்த ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் கோனும் கப்பும் சேர்ந்து போகும். கடைசி வேலை, கம்பிகளை இறுக்கியும் தளர்த்தியும் சில்லின் நெளிவு எடுப்பது. எல்லாவற்றிலும் நுட்பமான வேலை அதுதான். ஒரு கம்பியை இறுக்கினால் எதிர்ப்புறத்துக் கம்பி என்ன செய்யும் என்பது விரல் நுனிக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படிக் கழற்றப்பட்ட முதல் தலைமுறை வண்டிகள் இங்கிலாந்தில் பிறந்தவை. நொட்டிங்ஹாமின் றலி, முன் கவையை இரட்டைக் குழாயால் செய்த ஹம்பர், றட்ஜ், பேர்மிங்ஹாமின் ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. கறுப்பு நிறம், கம்பிப் பிறேக், 28 அங்குலச் சில்லு. பெயர்கள் பல என்றாலும் குடும்பம் மெல்ல மெல்ல ஒன்றானது. 1932இல் ஹம்பரையும் 1943இல் றட்ஜையும் 1957இல் பி.எஸ்.ஏ.யின் சைக்கிள் பிரிவையும் றலி வாங்கியது. உதிரிப்பாகம் தேடுகிறவருக்கு இது வெறும் வியாபாரச் செய்தி அல்ல. மற்றக் கம்பனிகள் கிறாங் கப்பில் அங்குலத்துக்கு 24 மரை வெட்டியபோது, றலி தனக்கென்று 26 மரை வைத்திருந்தது. பார்வைக்கு இரண்டும் ஒன்றேதான். மாறிப் பூட்டினால் இரண்டு சுற்று ஏறும், பிறகு பிறேமின் மரையைத் தின்றுவிடும். கழித்துவிட்ட கப் ஒன்று இன்னொரு வண்டிக்குப் பொருந்துமா என்பதைச் சொல்ல, அந்த இரண்டு மரை வித்தியாசத்தை நகத்தால் தடவிக் கண்டுபிடிக்கிற கை வேண்டும்.

திருகோணமலையில் அந்தக் கை எங்கிருந்து வந்தது என்று கேட்டால், துறைமுகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையின் டொக்யார்ட் என்பது பிற்றர்களும் கடைச்சல்காரர்களும் கொதிகலன் வேலைக்காரரும் நிறைந்த இடம். கப்பலின் பம்பைப் பிரித்துப் பூட்டத் தெரிந்தவருக்கு சைக்கிள் ஹப் ஒரு விளையாட்டுப் பொருள். 1957 அக்டோபர் 15ஆம் தேதி தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. சுதந்திரத்தின் முழுமை என்று நாடு அதைக் கொண்டாடியது நியாயமே. ஆனால் டொக்யார்டை நம்பியிருந்த குடும்பங்களுக்கு அது வேலை போன ஆண்டும்கூட. கற்ற கைத்தொழில் மட்டும் ஊரோடு தங்கியது. நகரத்தின் சிறு பட்டறைகளில் அதன் தடயம் இருக்கிறது என்று நினைப்பதில் பெரிய பிழை இல்லை.

பழுதானதை வேறொன்றாக்கும் வழக்கம் துறைமுகத்துக்கே உண்டு. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி காலை ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தையும் சீனன்குடா விமானத் தளத்தையும் தாக்கியபோது, சகாயிங் என்ற பயணிகள் கப்பலும் அடிபட்டது. மறு ஆண்டு அதைத் துறைமுகத்துக்குள்ளேயே அமிழ்த்தி இறங்குதுறையாகப் பயன்படுத்தினார்கள். 75 ஆண்டுக்குப் பிறகு, 2018 மார்ச்சில், இலங்கைக் கடற்படைச் சுழியோடிகள் மாதக்கணக்காக உழைத்து அதை மேலே கொண்டுவந்தார்கள்.

அதே ஜப்பானின் தரைப்படை, சில மாதங்களுக்கு முன் மலாயாவைச் சைக்கிளில் கடந்திருந்தது. 1941 டிசம்பரில் வடக்கே இறங்கிய காலாட்படை, பாலங்கள் உடைக்கப்பட்ட இடங்களில் வண்டியைத் தோளில் தூக்கி ஆற்றைக் கடந்தது. ரயர் வெடித்தால் ரயரைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் றிம்மில் ஓட்டியது. போருக்கு முன்பே ஜப்பானியச் சைக்கிள்கள் மலாயாவில் விலைப்பட்டிருந்ததால் உதிரிப்பாகம் ஊர் ஊராகக் கிடைத்தது. திருத்துகிறவன் கூடவே வந்தால் சைக்கிள் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அந்தப் படையெடுப்பு ஒரு கொடிய சான்று. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. தன் கிழக்குத் தளத்தை இழந்த பிரிட்டனுக்குத் திருகோணமலை முன்னிலும் வேண்டியதாயிற்று.

சுதந்திரத்துக்குப் பிறகு இந்திய வண்டிகள் வந்தன. அம்பத்தூரில் 1949இல் தொடங்கிய ரீ.ஐ. சைக்கிள்ஸ் ஹெர்குலிஸ் செய்தது. வங்காளத்து ஆசன்சோலில் சென்-றலி ஆலை எழுந்தது. ஆங்கில அளவுகளையே இவை பின்பற்றியதால் பழைய வண்டிக்குப் புது உறவு கிடைத்தது. முன் சில்லுக்கு 32 கம்பி, பின் சில்லுக்கு 40 என்ற கணக்குக்கூட மாறவில்லை. 1970 முதல் 1977 வரை இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில் இந்தப் பொருத்தம் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். பின்னர் லுமாலா என்ற உள்ளூர்ப் பெயர் தீவு முழுவதும் பரவியது.

எல்லா வண்டிக்கும் ஓர் அடையாளம் இருந்தது: உள்ளூராட்சி மன்றத்தின் சைக்கிள் லைசன்ஸ். ஆண்டுக்கொருமுறை சில ரூபா கட்டிப் புதுப்பிக்க வேண்டும். லைசன்ஸ் இல்லாமல், இரவில் விளக்கு இல்லாமல், டபிள் ஏற்றிக்கொண்டு போய்ப் பொலிஸிடம் மாட்டிய கதை இல்லாத குடும்பம் அரிது.

திருகோணமலைச் சைக்கிளின் மெய்யான சோதனைக்களம் கொட்டியார்க் குடாவின் தெற்குப் பக்கம். மட்டக்களப்பு வீதியில் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி என்று நீர் குறுக்கிடும் இடமெல்லாம் முன்பு 'பாதை'தான். அங்கே பாதை என்றால் வீதி அல்ல, ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் மிதவை. மூதூரிலிருந்து நகரத்துக்கு லாஞ்ச் வேறு. கிண்ணியாத் தயிர்முட்டியும் தம்பலகாமத்து நெல்லும் குடாக்கடல் மீனும் விறகும் சைக்கிள் கரியரில் ஏறி இப்படிப் பாதை பாதையாகக் கடந்தன. கரியர் அந்தப் பாரத்துக்குச் செய்யப்பட்டது அல்ல. அதனால் இரும்புக் கம்பி வைத்து ஒட்டி முட்டுக் கொடுப்பார்கள், ஸ்டாண்டை அகலமாக்குவார்கள். கம்பனி செய்த வண்டியைவிடக் கடையில் செய்த வண்டி கனமாக இருக்கும். இந்தத் திருத்தங்களைச் செய்தவர்கள் யாரும் அவற்றை வடிவமைப்பு என்று சொல்லவில்லை, ஆனால் அது வடிவமைப்புத்தான். 2009 அக்டோபரில் 396 மீற்றர் நீளக் கிண்ணியாப் பாலம் திறந்தபோது, அந்தக் கரையில் காத்திருந்து கழிந்த பொழுதுகளுக்கு முடிவு வந்தது.

போர்க்காலத்தை எழுதாமல் இந்தக் கதையை எழுத முடியாது. 1990க்குப் பிறகு வடக்குக்கு எரிபொருளும் மின்சாரமும் நின்றபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் வானொலி கேட்டார்கள். பிபிசி தமிழோசைச் செய்தி அப்படித்தான் பல வீடுகளுக்கு எட்டியது. திருகோணமலை மாவட்டத்தில் 2006 நடுப்பகுதியில் மாவிலாறு தொடங்கிச் சம்பூர், மூதூர், ஈச்சிலம்பற்று என்று சண்டை பரவியது. தமிழரும் முஸ்லிம்களும் கையில் எடுத்ததோடு ஊரைவிட்டு ஓடினார்கள். சைக்கிள் அப்போது வாகனம் மட்டும் அல்ல. அதன் பாரிலும் கரியரிலும் ஏறியதே மிஞ்சிய வீடு. சம்பூர் மக்களில் பலரால் 2015க்குப் பிறகே மண்ணுக்குத் திரும்ப முடிந்தது. பக்கத்து முல்லைத்தீவு மாவட்டத்தில், 2009 மேயில் போர் முடிந்த பின், முள்ளிவாய்க்காலை அண்டிய நிலத்தில் சைக்கிள்கள் மலையாய்க் குவிந்து துருப்பிடித்துக் கிடந்த படங்களை உலகம் பார்த்தது. சைக்கிள் திருத்துகிற ஒருவர் அந்தப் படத்தைப் பார்க்கிற விதம் மற்றவர்கள் பார்க்கிற விதம் அல்ல. ஒவ்வொரு கரியரிலும் கட்டியிருந்த கயிற்றையும், ஒவ்வொரு சீற்றின் உயரத்தையும் அவர் காண்பார். உயரம் சொல்லிவிடும், ஓட்டியது பெரியவரா பிள்ளையா என்று.

இடையில் 2004 டிசம்பர் 26இன் சுனாமி வந்துபோனது. கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளில் வீடுகளோடு வண்டிகளும் போயின. மிஞ்சியவற்றுக்குள் உப்புநீர் புகுந்திருந்தது. சைக்கிளுக்கு அதைவிடப் பெரிய நோய் இல்லை. வெளித்துருவைத் தேய்த்து எடுக்கலாம். குழாய்க்குள் இருந்து அரிக்கிற துரு, ஒருநாள் பாரம் ஏற்றும்போது பிறேம் முறிகிற வரை கண்ணில் படாது. அந்தப் பேரழிவை அடுத்து, அமெரிக்க உதிரிப்பாக நிறுவனமான எஸ்.ஆர்.ஏ.எம்.-ஐச் சேர்ந்த எஃப்.கே. டே என்பவர் 2005இல் 'வேர்ல்ட் பைசிக்கிள் றிலீஃப்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் முதற்பணியே இலங்கைதான்: வேர்ல்ட் விஷனோடு சேர்ந்து 24,000க்கும் அதிகமான சைக்கிள்கள் வழங்கப்பட்டன. இன்று அது ஆபிரிக்க நாடுகளில் பெயர்பெற்ற அமைப்பு. அதன் பிறப்பிடம் சுனாமி அடித்த இந்தக் கரைகள் என்பதை இங்கே நினைவில் வைத்திருப்பவர்கள் சிலரே.

இங்கிலாந்தில் 1955இல் தொடங்கிய பழைய சைக்கிள் ஆர்வலர் சங்கம் ஒன்று இருக்கிறது. அத்தகைய ஆர்வலர்களுக்கு மீட்டெடுப்பது என்றால் வண்டியை அது பிறந்த நாளின் கோலத்துக்குக் கொண்டுபோவது: அதே நிறம், அதே தோல் சீற், ஹப்பின் மேல் பொறித்த ஆண்டு பிறேமின் ஆண்டோடு ஒத்துப்போவது. ஸ்ரேர்மி-ஆச்சர் மூன்று கியர் ஹப்பில் அந்த எண் உண்மையிலேயே இருக்கிறது, வயது கண்டுபிடிக்க அது நல்ல சாட்சி. அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் கிழக்கு மாகாண வண்டியை அப்படி மீட்டால் அதன் வரலாற்றில் பெரும்பகுதி குப்பைக்குப் போய்விடும். இங்கே எந்த வண்டியும் ஒரு ஆண்டுக்கு உரியது அல்ல. ஒட்டிய கரியர், வேறு நிற மட்காட், பொருந்தாத பெடல் எல்லாம் ஒரு தட்டுப்பாட்டைப் பற்றியோ ஓர் இடப்பெயர்வைப் பற்றியோ எதையாவது சொல்கின்றன. அவற்றைப் பிழையென்று கழற்றி எறியாமல் குறித்துவைப்பதே இந்த ஊருக்கு ஏற்ற பாதுகாப்பு.

இப்போது கடைக்கு வரும் பழம்பாகங்களில் கணிசமானவை ஜப்பானிலிருந்து வருபவை. அங்கே ஓடித்தீர்த்த வண்டிகள் கொள்கலனில் வந்து, வீதியோரங்களில் வரிசையாக விற்பனைக்கு நிற்கின்றன. அவற்றின் சில்லு 26 அங்குலம். 28 அங்குல றலியில் அந்தச் சில்லைப் பூட்டினால் கவைக்குள் சுகமாக உட்காரும், ஆனால் றிம்மின் விளிம்பு 22 மில்லிமீற்றருக்கும் அதிகமாகக் கீழே இறங்கிவிடும். பழைய கம்பிப் பிறேக்கின் கட்டை றிம்மைத் தொடாது. அப்போது பிறேக் கம்பிகளை எல்லாம் கழற்றி வைத்துவிட்டு, நீண்ட கை உள்ள வயர் பிறேக் ஒன்றைத் தேடிப் பூட்டுவார்கள். கழற்றிய கம்பிகளை ஒருவரும் எறிவதில்லை. எண்ணெய் தடவி, பழைய ரியூபால் கட்டி, கடையின் சுவரில் ஆணியில் தொங்கவிடுகிறார்கள், 28 அங்குலச் சில்லோடு யாராவது வரும் வரை.