அப்பன் பெயரும் அம்மா பெயரும்: வொஷிங்டன் குடும்பத்து ஏடுகளைத் தேடி

1791 டிசம்பரில் லண்டனில் இருந்து அமெரிக்க ஜனாதிபதிக்கு ஒரு கடிதம் போகிறது. எழுதியவர் சேர் ஐசாக் ஹேர்ட். இங்கிலாந்தில் பெரிய குடும்பங்களின் குலச்சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிந்து வைக்கிற அலுவலகத்தின் தலைவர். அவர் கேட்டது சின்னக் கேள்வி: உங்கள் முன்னோர் இங்கிலாந்தில் எந்தப் பக்கம்?

ஜோர்ஜ் வொஷிங்டன் 1792 மே மாதம் பதில் எழுதினார். இந்த விஷயத்தில் தான் பெரிதாகக் கவனம் செலுத்தியதில்லை என்றார். வட இங்கிலாந்து என்று கேள்விப்பட்டிருக்கிறார். லங்காஷயரோ, யோர்க்ஷயரோ, அதற்கும் வடக்கோ, சரியாக ஞாபகமில்லை. 1657 அளவில் ஜோன், லோரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் வேர்ஜீனியாவுக்கு வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை ஓரளவு சொல்ல முடிந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் ஒன்றுமில்லை.

எங்கட வீடுகளிலும் இதுதானே கதை? அப்பப்பாவின் அப்பா பெயர் வரைக்கும் சொல்லுவினம். அதற்கு மேல் கேட்டால், 'எங்கேயோ இருந்து வந்தவையாம்' என்று முடித்துவிடுவார்கள். ஆனால் வொஷிங்டன் குடும்பத்துக்கு அந்த 'எங்கேயோ' கடைசியில் கண்டுபிடிக்கப்பட்டது. நூறு வருடம் எடுத்தது. எப்படிக் கண்டுபிடித்தார்கள், அதே ஏடுகளில் வேறு யாரெல்லாம் இருந்தார்கள் என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல். பிளான்டர் என்றால் எங்களுக்கு உடனே தேயிலைத் தோட்டத்துத் துரைதான் கண்ணுக்குள் வருவார். வேர்ஜீனியாவின் பிளான்டர் வேறு மாதிரி. கம்பனிக்குச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் அல்ல. புகையிலைக் காணி அவருடைய சொந்தம். காணியில் வேலை செய்த மனிதர்களும் அவருடைய சொத்து. அவர் செத்தால் காணியும் மாடும் பிள்ளைகளுக்குப் போவதுபோல அந்த மனிதர்களும் போவார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

பெயரன் சிக்கல்

ஹேர்ட் தன்னிடம் இருந்த பழைய வம்சாவளிகளைப் புரட்டினார். நோர்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊர். அங்கே 1539இல் காணி வாங்கிய லோரன்ஸ் வொஷிங்டன் என்ற கம்பளி வியாபாரியின் குடும்பம். அந்த வழியில் ஒரு தலைமுறையில் ஜோன், லோரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருந்தார்கள். வேர்ஜீனியாவுக்குப் போனவர்களும் ஜோன், லோரன்ஸ்தானே. கணக்குச் சரி! ஹேர்ட் கோட்டை இழுத்துவிட்டார். பிறகு வாழ்க்கை வரலாறு எழுதிய ஜாரெட் ஸ்பார்க்ஸும் வொஷிங்டன் இர்விங்கும் அந்தக் கோட்டை அப்படியே எடுத்து எழுதினார்கள். எழுபது வருடத்துக்கு மேலாக அது வரலாறாக நின்றது.

1866இல் ஜோசப் லெமுவெல் செஸ்டர் என்ற ஆய்வாளர் ஒரு எளிய வேலை செய்தார். அந்த இரண்டு சகோதரர்களும் பிறகு என்ன ஆனார்கள் என்று தேடினார். ஜோன் 'சேர்' பட்டம் வாங்கி இங்கிலாந்திலேயே வாழ்ந்து முடித்தவர். லோரன்ஸ் ஒக்ஸ்போர்டில் படித்து எசெக்ஸில் பர்லி என்ற ஊரில் பாதிரியாராக இருந்தவர். இரண்டு பேரும் கப்பல் ஏறவே இல்லை. ஒரே பெயர் என்பதற்காக ஒரே ஆள் ஆகிவிடாது என்று செஸ்டர் காட்டினார். கோடு உடைந்தது. ஆனால் அதன் இடத்தில் வைக்க அவரிடம் வேறு கோடு இல்லை.

தமிழில் பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதில் இருந்து வந்தது. தாத்தாவின் பெயரைத் தாங்குகிறவன். இங்கிலாந்திலும் அதே பழக்கம்தான், பெயர் அப்பாவிடமிருந்தும் பெரியப்பா, சித்தப்பாவிடமிருந்தும் வரும். ஹேர்ட் விழுந்தது இந்தக் குழியில்தான். குடும்பம் சரி, தலைமுறை ஒன்று பிழை. கப்பல் ஏறினவர்கள் அந்தப் பாதிரியார் லோரன்ஸின் பிள்ளைகள். மூத்தவனுக்குப் பெரியப்பாவின் பெயர், இளையவனுக்கு அப்பாவின் பெயர்.

டிரிங் என்ற சின்ன ஊர்

இதைக் கண்டுபிடித்தவர் ஹென்றி வோட்டர்ஸ் என்ற அமெரிக்கர். லண்டனில் பழைய மரண சாசனங்களை வருடக்கணக்காக ஒவ்வொன்றாக வாசித்த மனிதர். 1889இல் முடிவை வெளியிட்டார்.

அவருக்குக் கிடைத்தவை இவை. ஹேர்ட்ஃபோட்ஷயரில் டிரிங் என்ற ஊரில், 1655இல் இறந்த அம்ஃபிலிஸ் வொஷிங்டன் என்ற விதவையின் சொத்தை நிர்வகிக்க மூத்த மகன் ஜோனுக்குக் கொடுத்த அனுமதி. அதே ஊரில் 1650இல் இறந்த அன்ட்ரூ நோலிங் என்பவரின் சாசனம். அதில் அவர் தன் ஞானப்பிள்ளையான லோரன்ஸ் வொஷிங்டனுக்குக் காணி எழுதுகிறார், அவனுடைய சகோதர சகோதரிகளையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார். டிரிங் கோயில் பதிவேட்டில் 1635இல் ஒரு லோரன்ஸுக்கு ஞானஸ்நானம். எழுத்துப்பிழைகளோடுதான். எழுதினவர் காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார்.

ஆனால் டிரிங்கில் இருந்த ஜோனும் லோரன்ஸும்தான் வேர்ஜீனியாவின் ஜோனும் லோரன்ஸும் என்று எப்படிச் சொல்வது? ஹேர்ட் செய்த பிழையையே திருப்பிச் செய்கிறோமா? இந்த இடத்தில் உதவிக்கு வந்தவர்கள் பெண்கள். இரண்டு அண்ணன்மாருக்கும் பின்னால் மார்த்தா என்ற தங்கையும் வேர்ஜீனியாவுக்கு வந்திருந்தார். அவர் 1697இல் எழுதிய சாசனத்தில் இங்கிலாந்தில் இருக்கிற தன் சகோதரிகளான எலிசபெத்தையும் மார்கரெட்டையும் ஞாபகம் வைத்திருக்கிறார். நோலிங்கின் சாசனத்தில் வருகிற பெண்பிள்ளைகள் யார்? எலிசபெத், மார்கரெட், மார்த்தா. ஜோனும் லோரன்ஸும் எந்த ஊரிலும் இருப்பார்கள். ஐந்து பெயரும் ஒரே குடும்பத்தில் சேர்ந்து வருவது வேறு விஷயம். வம்சாவளி மரங்களில் பெரும்பாலும் ஓரத்தில் நிற்கிற பெண்கள்தான் இங்கே பூட்டைத் திறந்தார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சல்கிரேவில் காணி வாங்கிய அந்தக் கம்பளி வியாபாரி லங்காஷயரில் இருந்து வந்தவர். ஜோர்ஜ் வொஷிங்டன் 'வடக்கு, லங்காஷயரோ என்னவோ' என்று சொன்னாரே, அது பிழை இல்லை. பாதிரியாரையும் சல்கிரேவையும் மறந்த குடும்பம், அதற்கும் முந்தைய ஊரை நினைவில் வைத்திருந்திருக்கிறது. வாய்வழிக் கதையை நம்பவும் கூடாது, தூக்கி எறியவும் கூடாது.

ஏன் போனார்கள்?

பர்லி பாதிரியார் லோரன்ஸ் மன்னர் பக்கம். உள்நாட்டுப் போர் நடந்தது. 1643இல் பாராளுமன்றத்து ஆட்கள் அவரைக் கோயிலில் இருந்து நீக்கினார்கள். அடிக்கடி மதுக்கடையில் கிடக்கிறார் என்பது குற்றச்சாட்டு. குடித்தாரா, அரசியலா என்று இன்றைக்கு யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது, எழுதி வைத்தவர்கள் அவருடைய எதிரிகள். வருமானம் போனது. 1653இல் செத்துப்போனார். இரண்டு வருடத்தில் அம்ஃபிலிஸும் போனார்.

மூத்தவன் ஜோன் புகையிலை ஏற்றப் போன ஒரு கப்பலில் வேலைக்குச் சேர்ந்தான். திரும்புகிற நேரம், 1657இல், கப்பல் பொட்டோமக் ஆற்றில் தரைதட்டியது. ஜோன் அங்கேயே தங்கிவிட்டான். நதானியேல் போப் என்ற காணிக்காரரின் மகள் ஆனைக் கட்டினான். மாமனார் 700 ஏக்கர் கொடுத்தார். வேர்ஜீனியாவில் அந்தக் காலத்தில் ஒரு ஆளைக் கடல் கடந்து கொண்டுவந்தால் 50 ஏக்கர் கேட்கலாம். ஆள் சேர்ந்தால் காணி சேரும். 1674இல் ஜோனும் இன்னொருவரும் சேர்ந்து 5,000 ஏக்கர் எடுத்தார்கள். அதன் ஒரு பகுதிதான் பிறகு மவுன்ட் வேர்னன். ஜோனின் மகன் லோரன்ஸ், அவர் மகன் ஒகஸ்டின், அவர் மகன் ஜோர்ஜ். 1743இல் ஒகஸ்டின் இறந்தபோது ஜோர்ஜுக்கு 11 வயது. முதுசமாக ஒரு பண்ணையும் பத்து அடிமைகளும் கிடைத்தன. பதினொரு வயதுப் பெடியனுக்குப் பத்து மனிதர்கள் சொத்து.

அதே ஏட்டின் மறுபக்கம்

இவ்வளவு நேரமும் நாங்கள் எதை வைத்துத் தேடினோம்? சாசனம், சொத்து நிர்வாக அனுமதி, காணிப் பத்திரம். கோயில் பதிவேட்டைத் தவிர எல்லாமே சொத்துக் கடதாசிகள். சொத்து யாருக்குப் போகும் என்று எழுத வேண்டியிருந்ததால்தான் யார் யாருக்குப் பிள்ளை என்றும் எழுதினார்கள்.

அடிமைகளின் வம்சாவளியும் அதே காரணத்துக்காகத்தான் எழுதப்பட்டது, தலைகீழாக. 1662இல் வேர்ஜீனியா ஒரு சட்டம் போட்டது: பிள்ளை அடிமையா சுதந்திரமானவரா என்பதைத் தாயின் நிலைதான் தீர்மானிக்கும். இங்கிலாந்து வழக்கப்படி பிள்ளை அப்பன் வழி. இங்கே மட்டும் ஏன் அம்மா வழி? அப்பன் எசமானாக இருந்தாலும் பிள்ளை சொத்தாகவே இருக்கவேண்டும் என்பதற்காக. 1705இல் அடிமைகளைக் காணிபோல அசையாச் சொத்து என்றே சட்டம் சொன்னது. ஆகவே எசமான் குடும்பத்து மரம் அப்பன் பெயரில் வளர்கிறது. அதே வீட்டுக் கணக்குப் புத்தகத்தில் இன்னொரு மரம் அம்மா பெயரில் வளர்கிறது.

1799இல் ஜோர்ஜ் வொஷிங்டன் மவுன்ட் வேர்னனில் இருந்த அடிமைகளின் பட்டியலைத் தயாரித்தார். மொத்தம் 317 பேர். பெயர், வயது, யாருடைய மனைவி, யாருடைய பிள்ளை, எந்தப் பண்ணை. இன்றைக்கு அந்த மனிதர்களின் சந்ததியினர் தேடத் தொடங்குகிற முக்கியமான ஏடு இது. ஆனால் பட்டியலில் இரண்டு பக்கம் இருக்கிறது. 124 பேர் வொஷிங்டனின் சொந்தம், 153 பேர் மனைவி மார்த்தாவின் 'டவர்' பங்கு. மிச்சப்பேர் வாடகைக்கு எடுத்தவர்கள்.

'டவர்' என்பது எங்கட சீதனம் அல்ல. மார்த்தாவின் முதல் கணவர் டேனியல் பார்க் கஸ்டிஸ் 1757இல் சாசனம் எழுதாமலே இறந்தார். விதவைக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை உயிரோடு இருக்கும்வரை அனுபவிக்கலாம், விற்கவோ விடுதலை செய்யவோ முடியாது. அவர் இறந்தபின் அது கஸ்டிஸ் வாரிசுகளுக்கு. பெண் அடிமைகளின் பிள்ளைகளும் அந்தக் கணக்கிலேயே சேரும். முதலில் 84 பேர், 1799இல் 153 பேர்.

வொஷிங்டன் தன் சாசனத்தில் தன்னுடைய அடிமைகளை, மார்த்தா இறந்தபின் விடுதலை செய்யச் சொன்னார். மார்த்தா அதுவரை காத்திருக்கவில்லை, 1801 ஜனவரி 1 அன்றே அவர்கள் விடுதலையானார்கள். தச்சர் ஐசாக் அன்று சுதந்திரமானவர். அவருடைய மனைவி கிட்டி, பால் வேலை செய்தவர், டவர் பக்கத்தில் இருந்தார். ஆகவே அவர்களின் பெண்பிள்ளைகளும் டவர். 1802இல் மார்த்தா இறந்தபோது டவர் பங்கு நான்கு கஸ்டிஸ் பேரப்பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஐசாக்கின் குடும்பத்துக்கு என்ன நடந்தது என்று விளங்க வேண்டுமென்றால், ஐசாக்கின் குடும்ப மரம் மட்டும் போதாது. கஸ்டிஸ் குடும்ப மரமும் வேண்டும்.

ஓனா ஜட்ஜ் இதை நன்றாக விளங்கியிருந்தார். தாய் பெட்டி டவர் அடிமை. தகப்பன் அன்ட்ரூ ஜட்ஜ் என்ற இங்கிலாந்துத் தையல்காரர், வெள்ளைக்காரர். சட்டப்படி அப்பன் கணக்கில் இல்லை. ஓனாவைத் தன் பேத்தி எலைசாவுக்குக் கொடுக்க மார்த்தா நினைத்திருந்தார். 1796 மே மாதம், பிலடெல்பியாவில் ஜனாதிபதி வீட்டார் இரவுச் சாப்பாட்டில் இருந்த நேரம், இருபது வயது கடந்த ஓனா வெளியே நடந்தார். கப்பலேறி நியூ ஹாம்ப்ஷயர் போய்ச் சேர்ந்தார். பிடித்துக் கொடுத்தால் பத்து டொலர் என்று பத்திரிகையில் விளம்பரம் வந்தது. பிடிபடவில்லை. கலியாணம் கட்டினார், பிள்ளைகள் பெற்றார். 1848இல் சாகும்வரை சட்டப்படி அவர் கஸ்டிஸ் சொத்து. சுதந்திர மாநிலத்தில் பிறந்த அவருடைய பிள்ளைகளும்கூட. ஆனால் 1845இலும் 1847இலும் பத்திரிகைகளில் தன் கதையைத் தானே சொன்னார்.

ஏடு இல்லாத இடம்

ஓனா போல எல்லாரும் அகப்படுவதில்லை. 1850, 1860 குடிசன மதிப்பீடுகளில் அடிமைகளுக்குத் தனி அட்டவணை. வயது, பால், நிறம், எசமானின் பெயர். சில இடங்களைத் தவிர அவர்களுடைய சொந்தப் பெயர் கிடையாது. விடுதலைக்குப் பிறகு வந்த 1870 குடிசன மதிப்பீட்டில்தான் பெரும்பாலானவர்கள் முதல்தடவையாக முழுப் பெயரோடு வருகிறார்கள். பின்னோக்கித் தேடுகிற சந்ததியினர் அந்த வருடத்தில் போய் முட்டி நிற்பார்கள். அதைத் தாண்ட எசமானின் சாசனத்தைத்தான் தேட வேண்டும். அதிலும் ஒரு கெடுதி. வேர்ஜீனியாவின் சில மாவட்டங்கள் போர்க்காலத்தில் பாதுகாப்புக்கென்று தங்கள் பதிவேடுகளை ரிச்மண்டுக்கு அனுப்பின. 1865இல் ரிச்மண்ட் எரிந்தபோது அவையும் போயின. ஏடு எரிந்தால் என்ன போகும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஜோர்ஜ் வொஷிங்டன் தன் பரம்பரையில் அக்கறை இல்லை என்று எழுதினார். எழுதிய அந்த மனிதருக்கு அது ஒரு பொழுதுபோக்கு. காணியும் பெயரும் கையில் இருக்கிறது, கோடு எங்கே போனாலென்ன. கிட்டியின் பிள்ளைகளுக்கு யாருடைய வயிற்றில் பிறந்தோம் என்பதே யார் விற்கலாம், யார் விற்கக்கூடாது என்ற கேள்வி. அந்தப் பட்டியலில் அவர்களுடைய பெயரை எழுதினவர், அவர்களுக்காக எழுதவில்லை. ஆனாலும் பெயர் இருக்கிறது. தேடி வருகிறவர்களுக்கு இன்றைக்கு அதுதான் வாசல்.