கூட வரவா, வேண்டாமா?: விசா இன்டர்வியூ அறையின் நூறு வருடக் கதை

இந்த எபிசோட் ஒரு வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்ல இருந்து ஆரம்பிக்குது. என் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒருத்தன், பத்தாவது முடிச்ச கையோட அப்பா அம்மாகூட நியூ ஜெர்சிக்குப் போனவன். இப்போ அமெரிக்கக் குடிமகன். போன வருஷம் கோயம்புத்தூர்ல கல்யாணம். மனைவிக்கு மும்பையில இமிக்ரன்ட் விசா இன்டர்வியூ தேதி வந்திருக்கு. அவன் கேட்டது இதுதான்: "மச்சான், நான் லீவு போட்டு வரணுமா? நான் கூட இருந்தா அவளுக்கு நல்லதா, இல்ல நான் வந்து என்ன ஆகப்போகுது?"

இதுக்கு ஒரு வரிப் பதில் இருக்கு. அமெரிக்க வெளியுறவுத் துறையின் இணையதளத்திலேயே, மனு போட்டவர் இன்டர்வியூவுக்கு வரத் தேவையில்லைன்னு எழுதியிருக்காங்க. அத அனுப்பிட்டுத் தூங்கப் போயிருக்கலாம். ஆனா எனக்கு வேற ஒரு கேள்வி மாட்டிக்கிச்சு. கேட்கிறது ரெண்டு பேரோட கல்யாணத்தைப் பத்தி. அப்புறம் ஏன் அறைக்குள்ள ஒருத்தர் மட்டும்? இந்த ஏற்பாட்டை யார், எப்போ டிசைன் பண்ணினாங்க? அதைத் தேடிப் போனா கதை ஒரு தீவுல போய் நிக்குது.

1882ல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது. சீனத் தொழிலாளிகள் உள்ளே வரக் கூடாது. வியாபாரிகள், மாணவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு. வியாபாரியின் மனைவி வரலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. வரலாம், அவருக்குத் தனிச் சான்றிதழ் தேவையில்லை என்று 1900ல் தீர்ப்பு வந்தது. உடனே அடுத்த கேள்வி வரும் இல்லையா? இவங்க நிஜமாவே கணவன் மனைவிதானா?

1906ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் நிலநடுக்கம். அதைத் தொடர்ந்த தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவுகள் எரிந்து போயின. "நான் இங்கே பிறந்தவன்" என்று ஒருவர் சொன்னால், அதை மறுக்கக் கையில் ஆவணம் இல்லை. இல்லாத பிள்ளைகளைக் கணக்கில் காட்டி, அந்த இடத்தைக் காசுக்கு விற்பதும் நடந்தது. அதிகாரிகள் காகிதத்தை விட்டுட்டு, கேள்விகளை நம்ப ஆரம்பிச்சாங்க.

சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் இருக்கும் ஏஞ்சல் தீவில் 1910 முதல் 1940 வரை ஒரு குடியேற்ற நிலையம் இயங்கியது. கணவனும் மனைவியும் ஒரே கப்பலில் வந்திறங்கினாலும் ஆண்கள் விடுதி தனி, பெண்கள் விடுதி தனி. விசாரணை முடியும் வரை சந்திக்க முடியாது. கணவர் ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்தால் அவரைச் சாட்சியாக அழைத்துத் தனியாகக் கேட்பார்கள். ஊர்ல உங்க வீட்டு வரிசையில எத்தனை வீடு? வாசல் எந்தத் திசையைப் பார்க்குது? கிணறு எங்கே? அரிசியை எங்க வச்சிருக்கீங்க? மாடிக்கு எத்தனை படி?

ரெண்டு டேட்டாபேஸ்ல இருக்கற ரெக்கார்டை மேட்ச் பண்ணிப் பாக்கற வேலைதான் இது. ஒரு ஃபீல்டு ஒத்துப்போகலன்னா சந்தேகம். ஆனா மனுஷ ஞாபகம் டேட்டாபேஸ் கிடையாது. நான் பிறந்து வளர்ந்த வீட்டு மாடிப்படியை நானே இன்னும் எண்ணினதில்ல. அதனால நிஜத் தம்பதிகளும் பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி படிச்சாங்க. கேள்வி பதில் எழுதிய சின்னப் புத்தகங்களைக் கப்பலில் மனப்பாடம் செய்து, கரை வருவதற்குள் கடலில் போட்டார்கள். தீவுக்கு வந்த பிறகு சமையல்காரர்கள் வழியாக ரகசியத் துண்டுச் சீட்டுகள் போய் வந்தன.

இங்கேயே முதல் விஷயம் தெரிஞ்சிடுது. கணவனும் மனைவியும் பக்கத்துல பக்கத்துல இருக்கறத அதிகாரிகள் ஆதரவா பாக்கல. பேசி வச்சுக்க ஒரு வாய்ப்பா பாத்தாங்க. பிரிச்சு வச்சதுக்குக் காரணம் அதுதான்.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒன்று இருந்தது. விசாரணை நடந்தது அமெரிக்க மண்ணில். கணவர் அதே ஊரில் இருந்தால் வக்கீல் வைக்கலாம், நீதிமன்றம் போகலாம். 1924ல் அதுவும் மாறியது.

அந்த ஆண்டின் குடியேற்றச் சட்டம் ரெண்டு வேலை செஞ்சுது. முதல் வேலை: குடியேற வருகிற எவரும் கப்பல் ஏறும் முன்பே, வெளிநாட்டில் உள்ள அமெரிக்கத் தூதரக அதிகாரியிடம் விசா வாங்க வேண்டும். அதாவது தீர்ப்பு சொல்ற அறை, மனைவி இருக்கிற நாட்டுக்கு இடம் மாறுது. கணவர் கடலுக்கு அந்தப் பக்கம். இன்னைக்கு நாம சொல்ற விசா இன்டர்வியூவோட அஸ்திவாரம் இதுதான்.

ரெண்டாவது வேலை: குடியுரிமை பெறத் தகுதியில்லாதவர்கள் குடியேறவே கூடாது. அன்றைய சட்டப்படி சீனர்களும் ஜப்பானியர்களும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். இந்தியர்களும்தான். 1923ல் பகத் சிங் திண்ட் வழக்கில், இந்தியர் சட்டத்தின் பார்வையில் வெள்ளையர் அல்ல, குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. 1946ல்தான் அது மாறியது. அப்பவும் இந்தியாவுக்குக் கிடைச்ச கோட்டா வருஷத்துக்கு சுமார் 100 பேர்.

1924 சட்டம் அமலுக்கு வந்த ஜூலை மாதமே, அமெரிக்காவில் பிறந்த சீனக் குடிமக்கள் நால்வரின் மனைவிகள் சான் ஃபிரான்சிஸ்கோவில் வந்து இறங்கினார்கள். உள்ளே விடவில்லை. கணவர்கள் வழக்குப் போட்டார்கள். 1925 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒரே நாளில் இரண்டு தீர்ப்புகள் சொன்னது. சீன வியாபாரியின் மனைவி வரலாம். ஏன்னா சீனாவோட போட்ட ஒப்பந்தம் வியாபாரிக்குப் பாதுகாப்புக் கொடுக்குது. சீன வம்சாவளி அமெரிக்கக் குடிமகனின் மனைவி? வர முடியாது. சொந்த நாட்டுக் குடிமகனை விட வெளிநாட்டு வியாபாரிக்கு உரிமை அதிகம்! 1930ல் தான் சட்டத்தைத் திருத்தி, 1924 சட்டத்துக்கு முன்பே மணமான மனைவிகளுக்கு மட்டும் வழி விட்டார்கள்.

தூதரகத்தில் மறுத்துவிட்டால் யாரிடம் முறையிடுவது? 1929ல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு கணவரின் வழக்கு வந்தது. மனைவிக்கு விசா மறுக்கப்பட்டிருந்தது. தூதரக அதிகாரியின் முடிவை மறுஆய்வு செய்யச் சட்டத்தில் வழியில்லை என்று நீதிமன்றம் கைவிரித்தது. கிட்டத்தட்ட நூறு வருஷமா அந்தக் கதவு பெருசா திறக்கவே இல்ல.

அடுத்து எல்லன் நாஃப். ஜெர்மனியில் பிறந்தவர். அகதியாக இங்கிலாந்து போய், போர்க்காலத்தில் பிரிட்டிஷ் விமானப் படையில் வேலை பார்த்தார். 1948ல் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய கர்ட் நாஃபை மணந்தார். வீரர்களின் மனைவிகள் எளிதாக வர 1945ல் ஒரு சட்டமே இருந்தது. ஆனால் 1948 ஆகஸ்டில் நியூயார்க்கில் இறங்கிய எல்லனை எல்லிஸ் தீவில் தடுத்து வைத்தார்கள். காரணம் ரகசியம், விசாரணையும் கிடையாது. 1950ல் உச்ச நீதிமன்றம் 4க்கு 3 என்ற கணக்கில் அது சரிதான் என்றது. ஆனா வெளியே சத்தம் நின்னபாடில்ல. பத்திரிகைகள் எழுதின, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேள்வி கேட்டார்கள். கடைசியில் விசாரணை நடந்து, 1951 நவம்பரில் அவர் உள்ளே அனுமதிக்கப்பட்டார். அறைக்குள்ள கிடைக்காத நியாயம் வெளியே நின்னவங்களால கிடைச்சுது. அதுக்கு மூணு வருஷம் ஆச்சு.

இப்போ நம்ம காலத்துக்கு வருவோம். சாண்ட்ரா முன்யோஸ், லாஸ் ஏஞ்சலஸ் பகுதி வக்கீல், அமெரிக்கக் குடிமகள். கணவர் லூயிஸ் அசென்சியோ கோர்டெரோ, எல் சால்வடார்காரர். 2010ல் கல்யாணம், ஒரு குழந்தை. 2015ல் சான் சால்வடார் தூதரகத்தில் கணவருக்கு இன்டர்வியூ. விசா மறுக்கப்பட்டது. முதலில் சொன்னது ஒரு சட்டப் பிரிவை மட்டும். வழக்குப் போட்ட பிறகு 2018ல்தான் முழுக் காரணம் தெரிந்தது. இன்டர்வியூ, பின்னணிச் சோதனை, உடம்பில் இருந்த பச்சை குத்தல்கள் எல்லாம் பார்த்து, அவர் எம்எஸ்-13 கும்பலைச் சேர்ந்தவர் என்று அதிகாரி முடிவு செய்திருந்தார். அவர் அதை மறுத்தார். 2024 ஜூன் 21 அன்று உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று தீர்ப்பளித்தது: வெளிநாட்டுத் துணை நாட்டுக்குள் அனுமதிக்கப்பட வேண்டும் என்று கேட்கும் அடிப்படை உரிமை குடிமகளுக்கு இல்லை. கல்யாணம் பண்ணிக்க உரிமை உண்டு. கூட்டிட்டு வர்றது வேற கணக்கு.

இங்க ஒரு சின்னக் குழப்பத்தைத் தீர்த்துடறேன். சினிமாவுல கணவன் மனைவி ரெண்டு பேரும் அதிகாரி முன்னாடி உக்காந்து, டூத் பிரஷ் என்ன கலர்னு பதில் சொல்ற சீன் பாத்திருப்பீங்க. அது வேற இன்டர்வியூ. மனைவி ஏற்கெனவே அமெரிக்காவில் இருந்து அங்கேயே கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்தால் ரெண்டு பேரும் போகணும். சந்தேகம் வந்தா அங்கயும் தனித்தனியா கேப்பாங்க. 1970களில் நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கால், அந்த ஊரில் இப்படி விசாரிக்கப்படும் தம்பதிகளுக்கு முன்னறிவிப்பு, வக்கீல் போன்ற பாதுகாப்புகள் கிடைத்தன. அந்த வழக்கின் பெயரில் இன்னைக்கும் அதை ஸ்டோக்ஸ் இன்டர்வியூன்னு சொல்றாங்க. மும்பை கவுன்டருக்கு அது பொருந்தாது.

சரி, என் ஃப்ரெண்டுக்கு என்ன சொன்னேன்?

"மச்சான், அந்த அறை உன்னை வெளியே வச்சுக் கட்டின அறை. உள்ள போக முடியுமாங்கறது அந்தந்தத் தூதரகத்தோட விதி, அதைப் படிச்சுக்கோ. போனாலும் பதில் சொல்லப் போறது அவங்கதான். வெளிய நின்னா அவங்க ஃபோனையும் பையையும் பிடிச்சுக்கலாம், ஏன்னா அது ரெண்டும் உள்ள கொண்டுபோக முடியாது. அதுக்காக மட்டும் லீவு போடாத. உன் டாக்ஸ் பேப்பர், சம்பளச் சீட்டு, ஸ்பான்சர் படிவம் எல்லாத்தையும் முன்னாடியே அனுப்பு. ஃபைல்ல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியற அளவுக்கு அவங்களுக்கும் தெரியணும். ஒருவேளை 221(ஜி)ன்னு ஒரு சீட்டு குடுத்து இன்னும் டாக்குமென்ட் கேட்டாங்கன்னா, அப்பத்தான் நீ தேவைப்படுவ. கொஞ்சம் லீவை அதுக்கு மிச்சம் வை."

இந்தக் கதைகள்ல எனக்குப் பட்டது அதுதான். மனுஷங்க உடைஞ்சது பெரும்பாலும் அறைக்குள்ள இருந்த அந்தச் சில நிமிஷத்துல இல்ல. அதுக்கப்புறம் வந்த மாசங்கள்ல, ஆளுக்கொரு கரையில தனியா இருந்தப்போ.

அப்புறம் ஒண்ணு கேட்டேன்: "இதெல்லாம் இருக்கட்டும். அவங்ககிட்ட கேட்டியா, நீ வரணுமான்னு?" கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. கேக்கல. நூறு வருஷமா அதிகாரிகள், நீதிபதிகள், கணவர்கள் எல்லாரும் பேசின விஷயத்துல இவனும் அவங்கள விட்டுட்டான்.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வாய்ஸ் நோட். அவங்க சொன்னாங்களாம்: "இன்டர்வியூவை நான் பாத்துக்கறேன். முந்தின வாரம் வா, உக்காந்து எல்லாப் பேப்பரையும் ஒருதடவை பாப்போம். அன்னைக்கு அம்மா கூட மும்பை போய்க்கறேன்." அவன் டிக்கெட் போட்டுட்டான்.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு தேதி வந்திருந்தா, முதல்ல உள்ள போகப் போறவங்ககிட்ட கேளுங்க. அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.