எடை

கொடு, கொடை, விடு, விடை, அவ்வழியே எடு, எடை. தூக்கிப் பார்த்து அறிவது எடை. எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என்ற பழைய நால்வகை அளவைகளில் எடுத்தல் என்பது நிறுத்தலையே குறிக்கும்.

இயற்பியல் இச்சொல்லை ஈர்ப்பு விசைக்கு ஒதுக்கியது. பொருளில் அடங்கிய பருப்பொருளின் அளவு நிறை. அதைப் புவி இழுக்கும் விசை எடை. (இலங்கைப் பாடநூல்களில் முன்னது திணிவு, பின்னதுதான் நிறை. கடல் தாண்டிப் படிப்பவர் கவனிக்க!) 60 கிலோ நிறையுள்ளவரின் எடை பூமியில் சுமார் 588 நியூட்டன், நிலவில் ஏறக்குறைய 97. இருதட்டுத் தராசு இந்த வேறுபாட்டைக் காட்டாது, ஏனெனில் இரு தட்டுகளிலும் இழுப்பு ஒரேபோல் குறைகிறது. சுருள்வில் தராசு காட்டிவிடும்.

'எடையின்மை' என்பதுதான் ஏமாற்றும் சொல். சுமார் 400 கி.மீ. உயரத்தில் சுற்றும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தரையில் உள்ள ஈர்ப்பில் ஏறத்தாழ 90 விழுக்காடு உண்டு. நிலையமும் அதிலுள்ளோரும் சேர்ந்தே விழுந்துகொண்டிருப்பதால் காலடியில் தாங்கும் விசை இல்லை. பக்கவாட்டு வேகம் நொடிக்கு 7.7 கி.மீ. அளவில் இருப்பதால், விழ விழப் புவிப்பரப்பும் வளைந்து விலகுகிறது. 'தாங்கலின்மை' என்றிருந்தால் குழப்பம் குறைந்திருக்கும்.