ஐஸ் ஹவுஸ்: கைமாறிய ஒரு மாளிகையின் கதை

சென்னையை விட்டு வந்து ஆண்டுகள் பல கடந்தாலும், மெரினாக் கடற்கரை என்றதும் நம் மனக்கண்ணில் எழும் கட்டடங்களுள் ஒன்று, வளைந்த முகப்புடன் கடலை நோக்கி நிற்கும் ஐஸ் ஹவுஸ். அப்பெயரை ஊர்ப்பெயராகவே வழங்கிவந்த நாம், அங்கே ஐஸ் எங்கிருந்து வந்தது என்று கேட்டோமில்லை.

வந்தது அமெரிக்காவிலிருந்து! பாஸ்டன் நகரத்து வணிகர் பிரெடெரிக் டியூடர், குளிர்காலத்தில் உறைந்த ஏரிகளிலிருந்து பனிக்கட்டிகளை வெட்டி, மரத்தூளில் பொதிந்து, பாய்மரக் கப்பலில் அனுப்பினார். 1833-இல் கல்கத்தா வந்த முதற்கப்பலில் ஏற்றியது ஏறத்தாழ 180 டன்; நான்கு மாதப் பயணத்தின் முடிவில் எஞ்சியது 100 டன். பாதிக்குச் சற்றுக் குறைவாகக் கடலிலே கரைந்தும் இலாபம் தந்த வாணிகம் அது. விக்டோரியா அரசி முடிசூடிச் சில ஆண்டுகளே ஆன 1842-இல், சென்னைச் சரக்கைக் காக்க இக்கிடங்கு எழுந்தது. பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த இத்தகைய கிடங்குகள் மறைந்தொழிந்தன. சென்னையது மட்டுமே எஞ்சியது.

நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே பனிக்கட்டி செய்யும் முறை வந்ததும், டியூடர் கம்பெனியின் தொழில் நொடித்தது. கட்டடத்தை விலைக்கு வாங்கியவர் வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார். வெயில் புகாதிருக்கக் கட்டிய கிடங்கு, மனிதர் வாழும் வீடாக வேண்டுமே! சாளரங்களும் தாழ்வாரங்களும் அமைத்து, உயர்நீதிமன்ற நீதிபதி கெர்னன் பெயரால் ‘காசில் கெர்னன்’ என்று பெயரும் சூட்டினார். 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை, மேலைநாடுகளிலிருந்து திரும்பிய சுவாமி விவேகானந்தர் தங்கியது இங்கேதான். அன்பர்களின் வேண்டுகோளை ஏற்று அவர் அனுப்பிய சுவாமி இராமகிருஷ்ணானந்தர், அவ்வாண்டு மார்ச்சிலேயே இங்கு மடத்தைத் தொடங்கினார். 1902-இல் ஐயங்கார் மறைந்தார்; 1906-இல் வீடு ஏலத்திற்கு வந்தது. புதிய உடையவர் ஒரு ஜமீன்தார். மடம் 1907-இல் மயிலாப்பூருக்குப் பெயர்ந்தது. குடியிருப்பு ஒதுக்கீட்டு ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டை கட்டிப் பழகிய நமக்கு, துறவியும் வீடு காலி செய்ய நேர்ந்த செய்தி சற்றே ஆறுதல் அளிப்பதுண்டு.

1917-இல் அரசு இதனை வாங்கியது. அதன்பின் இங்குக் குடியேறியவர்களைப் பற்றியே நாம் மிகுதியாகப் பேச வேண்டும். ஆனால் குறைவாகவே பேசுகிறோம். எதிரே வந்தால் அபசகுனம் என்று ஊர் ஒதுக்கிய இளம் விதவைகள் அவர்கள். அவர்களை அழைத்து வந்த சகோதரி சுப்புலட்சுமி, தாமும் சிறுமியாயிருந்தபோதே கணவனை இழந்தவர். 1911-இல் பட்டம் பெற்றவர். அடுத்த ஆண்டே விரல்விட்டு எண்ணத்தக்க சிறுமியருடன் விடுதி ஒன்றைத் தொடங்கியவர். அடுப்பங்கரை மூலையே உலகம் என்று விதிக்கப்பட்ட பெண்கள், இங்கிருந்து படித்து ஆசிரியைகளாயினர்; சொந்தச் சம்பளத்தில் தலைநிமிர்ந்து வாழ்ந்தனர். அவ்வில்லம் பிராமண விதவையருக்கே உரியதாயிருந்தது என்ற குறையை மறைத்தல் நேர்மையன்று. ஆயினும், தம் வீட்டாரே முகங்கொடுத்துப் பேசத் தயங்கிய பெண்களுக்கு அன்று கடற்காற்று வீசும் அந்த மாடங்கள் கிடைத்தது சிறிய செய்தியா? இந்த வீட்டின் உடையவர் பட்டியலில் அப்பெண்களின் பெயர் இல்லை. பத்திரத்தில் பெயரேறாதவர்களே இதில் மெய்யாக வாழ்ந்தவர்கள் என்பது எம் துணிபு.

பின்னர் இது ஆசிரியைகளின் விடுதியாயிற்று. விவேகானந்தர் நூற்றாண்டையொட்டி 1963-இல் ‘விவேகானந்தர் இல்லம்’ எனப் பெயர் பெற்றது. 1997-இல் இராமகிருஷ்ண மடத்தின் பொறுப்பில் வந்து, 1999 முதல் கண்காட்சியாய் விளங்குகிறது. கோப்பில் பெயர் மாற்றுதல் எளிது. அதனை நம்மினும் அறிந்தார் யார்? அப்பகுதிக் காவல் நிலையத்திற்கு இன்னும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே பெயர்.