மூச்சை மீட்ட வரலாறு

நீரில் மூழ்கிய ஒருவரைக் கரையேற்றிக் கிடத்தியிருக்கிறார்கள். அவரிடம் மூச்சில்லை. அருகில் நிற்பவர் யாது செய்தல் வேண்டும்? இவ்வினாவிற்கு அறிஞர் கூறிய விடை ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளில் பன்முறை மாறியுள்ளது. அம்மாற்றத்தின் கதை மாணவர்களாகிய உங்களுக்குப் பயன் தருவதாகும்.

1732ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து நாட்டின் அலோவா என்னும் ஊரில், நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து மூச்சும் நாடியும் அற்ற தொழிலாளி ஒருவரை வெளியே கொணர்ந்தனர். வில்லியம் டாசக் என்னும் மருத்துவர் தம் வாயை அவர் வாயோடு பொருத்தி ஊதினார். நின்றிருந்த இதயம் துடித்தது, தொழிலாளி பிழைத்தார். டாசக் 1744இல் இதனை எழுதி வெளியிட்டார்.

நீரில் மூழ்கியோரை உயிர்ப்பிக்க 1767இல் ஆம்ஸ்டர்டாமிலும் 1774இல் இலண்டனிலும் சங்கங்கள் தோன்றின. அவை வாயால் ஊதுவதைப் பரிந்துரைத்தன. அதனுடன் ஆசனவாய் வழியே புகையிலைப் புகையைச் செலுத்துவதையும் பரிந்துரைத்தன! புகையிலையின் நஞ்சு இதயத்தைத் தாக்கவல்லது என்று 1811இல் பென்ஜமின் பிராடி சோதனையால் காட்டிய பின்னரே அவ்வழக்கம் தளர்ந்தது.

இதற்கிடையே பிராணவாயு கண்டுபிடிக்கப்பட்டது. அஃது அரியதோர் உண்மை. ஆனால், நாம் வெளிவிடும் மூச்சு கெட்ட காற்று; அது பிறருக்கு உதவாது என்று பலர் அதிலிருந்து முடிவு கட்டினர். வாயினிடத்தைத் துருத்தி பிடித்தது. துருத்தியால் மிகுதியாக ஊதினால் நுரையீரல் சிதைந்து உயிர் போகும் என்று 1820களில் பிரான்சு நாட்டு லெருவா மெய்ப்பித்தார். துருத்தியும் கைவிடப்பட்டது. எனினும் டாசக் காட்டிய வழிக்கு மருத்துவ உலகம் திரும்பவில்லை.

பின்னர்க் கைகளை உயர்த்தியும் முதுகை அழுத்தியும் மூச்சூட்டும் முறைகள் வந்தன. 1858இல் சில்வெஸ்டர் முறை, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஷேபர் முறை, 1932இல் ஹோல்கர் நீல்சன் முறை என அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பாடநூல்களில் இடம்பெற்றன.

1950களில் அமெரிக்க மருத்துவர் ஜேம்ஸ் ஈலம், வெளிவிடும் மூச்சை அளந்தே பார்த்தார். உட்கொள்ளும் காற்றில் நூற்றுக்கு 21 பங்கு பிராணவாயு; வெளிவிடும் காற்றிலும் ஏறத்தாழ 16 பங்கு எஞ்சியிருக்கிறது. ஓர் உயிரைக் காக்க அது போதும் என்று அவர் நிறுவினார். பால்டிமோர் நகரில் பீட்டர் சாபார், தாமே முன்வந்த தொண்டர்களுக்கு மருந்தேற்றித் தசைகளைத் தளரச் செய்து சோதித்தார். முதுகை அழுத்தும் முறைகளில் தொண்டை அடைபட்டுப் போதிய காற்று செல்லவில்லை. தலையைப் பின்சாய்த்து வாயால் ஊதியபோது சென்றது. டாசக் செய்ததன் பெருமை இரண்டு நூற்றாண்டுகளுக்குப் பின் விளங்கிற்று!

மூச்சு மட்டும் போதுமா? குருதியும் ஓட வேண்டுமன்றோ? அதே நகரில் கூவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்னும் மூவர், நெஞ்சின் நடுவெலும்பை அழுத்திக் குருதியை ஓடச் செய்யலாம் என்று 1960இல் அறிவித்தனர். மூவருள் முதல்வர் மருத்துவர் அல்லர், மின்பொறியியல் பேராசிரியர்.

அத்துடனும் ஆராய்ச்சி நிற்கவில்லை. நிமிடத்திற்கு 60 அழுத்தம் என்று தொடங்கியது இன்று 100 முதல் 120 வரை என உயர்ந்துள்ளது. முதலில் மூச்சு, பின்னரே அழுத்தம் என்றிருந்த வரிசை, இதயம் திடீரென நின்ற பெரியவர்களுக்கு 2010இல் தலைகீழாக மாற்றப்பட்டது. நீரில் மூழ்கியோர்க்கோ மூச்சூட்டலே இன்றும் இன்றியமையாதது. 1992இல் அமைந்த பன்னாட்டுக் குழு ஒன்று புதிய ஆய்வுகளைத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறது.

இதனால் நாம் அறிவது யாது? பழையது என்பதற்காக ஒன்றைப் பற்றிக்கொள்வதும் பிழை. புதியது என்பதற்காக ஒன்றைக் கைவிடுவதும் பிழை. பிராணவாயுவைப் பற்றிய செய்தி புதியது, உண்மையானது. அதிலிருந்து அளந்து பாராமல் செய்த முடிவே பொய்யாயிற்று. அப்பிழையின் விலை மனித உயிர்கள். ஆதலின், முதலுதவி நூலைக் கையில் எடுக்கும்போது அஃது எந்த ஆண்டில் அச்சானது என்று முதலில் பாருங்கள். ஒருமுறை கற்றதோடு அமையாது, மீண்டும் கற்றுக்கொள்ளுங்கள். மூச்சற்றுக் கிடப்பவருக்கு நம் பழைய மதிப்பெண்கள் உதவமாட்டா. அன்றைய நாளின் சரியான அறிவே உதவும்.